முதல் படி: காலி வரிகளை நீக்கவும்

மூன்று வகைப் பூக்கள், ஒவ்வொன்றிலும் ஐம்பது. இந்த நூற்றைம்பது பூக்களின் இதழ் நீளமும் அகலமும் எனக்கு மனப்பாடம் என்று சொன்னால் என் கணவர் சிரிப்பார். மனப்பாடம் என்பது மிகைதான். ஆனால் யாராவது நடுவில் ஒரு எண்ணை மாற்றி வைத்தால் சத்தியமாகக் கண்டுபிடித்துவிடுவேன். அந்தப் பூவை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் வெள்ளகோவில் வெயிலுக்கு அது வராது, கோயம்புத்தூர் பூ மார்க்கெட்டிலும் கிடைக்காது. இருந்தாலும் செமஸ்டர் தவறாமல் அதன் சராசரி இதழ் நீளத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். அது ஒருமுறைகூட மாறியதில்லை.

புள்ளியியல் நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்காக மென்பொருளுக்குள்ளேயே சில மாதிரித் தரவுகளை வைத்திருப்பார்கள். இந்தப் பூக்கள் ஒன்று. பெட்ரோலை மொடாமொடாவாகக் குடித்த பழைய அமெரிக்கக் கார்கள் ஒன்று. நான் பிறப்பதற்கு முன் ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் அடித்த கோடைக்காலக் காற்று ஒன்று. எல்லாம் பழகுவதற்குத்தான். பழகி முடித்ததும் விட்டுவிட்டு உண்மையான ஒரு வேலைக்குப் போக வேண்டும், சைக்கிள் ஓட்டப் பழகியதும் வாடகை சைக்கிளைத் திருப்பிக் கொடுப்பதுபோல. நான் திருப்பிக் கொடுக்கவில்லை. காங்கேயம் சாலையில் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக அதையேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் லேபுக்கு ஒரு மேனுவல் உண்டு. வேறொரு கல்லூரியின் மேனுவலில் அவர்கள் பெயர் மேல் எங்கள் பெயரை ஒட்டி ஜெராக்ஸ் எடுத்தது. அவர்களும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள், ஒட்டுக்கு அடியில் இன்னொரு ஒட்டின் நிழல் தெரியும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் என்ன தட்டச்சு செய்ய வேண்டும், திரையில் என்ன விடை வர வேண்டும் என்று அதில் அச்சாகியிருக்கும். மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் விடையை முன்கூட்டியே எழுதி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, லேபுக்குள் வருவார்கள். அதற்குப் பிறகுதான் கணினியைத் திறப்பார்கள். முதலில் விடை, அப்புறம் பரிசோதனை. இதில் யாரும் எதுவும் தப்பாகப் பார்த்ததில்லை.

காற்றுத் தரவில் மட்டும் சில நாட்களுக்கு அளவு இருக்காது. கருவி பழுதாகியிருக்கலாம், பார்க்க வேண்டிய ஆள் வராமல் இருந்திருக்கலாம். அதற்கும் மேனுவலில் வழி இருந்தது. முதல் படி: காலி வரிகளை நீக்கவும். ஒரே கட்டளைதான், அந்த நாட்கள் எல்லாம் போய்விடும். மிச்சம் இருக்கும் நாட்களுக்குச் சராசரி எடுத்து, வரைபடம் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு பையன்கள் கேன்டீனுக்குப் போவார்கள்.

குழந்தை பிறந்து சில வருடங்கள் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி வேலை தேடியபோது கிடைத்தது இந்தக் கல்லூரி. வீட்டு வாசலுக்கே கல்லூரி பஸ் வரும். தாளாளர் என் கணவருக்குத் தூரத்துச் சொந்தம், எங்கள் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். சேர்ந்த அன்று பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி முதுகலைப் பட்டம் வரை என் அசல் சான்றிதழ்கள் அத்தனையையும் ஆபீசில் வாங்கிப் பச்சைக் கவருக்குள் போட்டு இரும்பு அலமாரியில் வைத்தார்கள். இப்படி வாங்கி வைப்பது தப்பு என்பது வாங்கியவருக்கும் தெரியும், கொடுத்த எனக்கும் தெரியும். அலமாரி பூட்டும் சத்தம் கேட்டது. ஆனாலும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

போன வருடம், தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயம், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையில் தரவுப் பகுப்பாய்வுக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். கூப்பிட்டார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று கல்லூரியில் லீவு சொல்லிவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி பட்டுப்புடவையே கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். பல்லடம் தாண்டும்போது கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. நேர்காணலுக்கு இவ்வளவு சரிகையோடு வந்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அங்கே ஒரு பெண் டாக்டர், என்னைவிடச் சற்று மூத்தவர், என்னிடம் கேள்வி எதுவும் கேட்காமல் கணினியைத் திருப்பி வைத்து, பாருங்கள் என்றார். நோயாளிகளின் தரவு. பெயரை மறைத்திருந்தார்கள், மற்றதெல்லாம் அப்படியே. என்ன ஒரு அலங்கோலம். வயது என்ற பத்தியில் ‘அறுபதுக்கு மேல்’ என்று எழுதியிருந்தார்கள். எடைக்கு நேரே ‘மெசின் ரிப்பேர்’. ஒரு இடத்தில் ரத்த அளவுக்குப் பதிலாக ‘பேரனோடு வந்தார்’ என்று இருந்தது. என் ஊர் வெள்ளகோவிலையே ஆளுக்கு ஒரு விதமாக எழுதி வைத்திருந்தார்கள். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக, என்ன விடை வரும் என்று எனக்குத் தெரியாத ஒரு தரவு என் முன்னால் இருந்தது.

ஏராளமான வரிகளில் முதல் வருகை மட்டும் நிரம்பி, இரண்டாவது வருகைக்கு நேரே காலியாக இருந்தது. இவர்கள் யார் என்று கேட்டேன். அதற்கப்புறம் வராதவர்கள் என்றார் டாக்டர். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது இவர்களைத்தான் என்றேன். திரும்பி வந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் உங்கள் வைத்தியம் நிஜத்தைவிட நன்றாகத் தெரியும், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று தெரியாமல் சராசரி எடுப்பதில் அர்த்தமே இல்லை என்று மூச்சு விடாமல் பேசிவிட்டேன். எனக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இதைத்தானுங்க நான் வந்தவங்க எல்லார்கிட்டயும் எதிர்பார்த்தேன். எல்லாரும் மொதல்ல அந்த வரிகளைத் தூக்கிப்போட்டுத்தான் ஆரம்பிச்சாங்க” என்றார்.

வேலை எனக்குத்தான் என்று அன்றே சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும், பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஜெராக்ஸ் செல்லாது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பச்சைக் கவரைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன்.

தாளாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் உருகி உருகிப் பேசுவார்கள். அந்த மரியாதைக்குள் மாட்டிக்கொண்டால் தெரியும். அவர் இல்லை என்று சொல்லவே இல்லை. எழுந்து நின்று வரவேற்றார், காபி வரவழைத்தார், என் மாமனாரின் முழங்கால் வலியை விசாரித்தார், ஆஸ்பத்திரி வேலை ரொம்ப நல்ல வேலை என்று மெச்சினார்.

“அதுக்கென்னுங்க அம்மணி, உங்குளுது தானுங்க, தாராளமா வாங்கிக்கலாம். பிராக்டிகலு மட்டும் நல்லபடியா முடிச்சுக் குடுத்துப்போட்டீங்கன்னா நமக்கும் ஒரு திருப்தி.”

இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்றிருந்தால் நானும் சண்டைக்கு நின்றிருப்பேன். சண்டை போட எனக்கும் வரும், வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆனால் காபியைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நிற்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? என் மகள் படிப்பதும் அவர்களுடைய பள்ளியில்தான். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

பிராக்டிகலுக்கு முன்னால் ஒரு மாதிரித் தேர்வு வைப்போம். அதில்தான் வினை வந்தது. அந்த வருடம் லேபுக்குப் புதுக் கணினிகள் வந்திருந்தன, அவற்றோடு மென்பொருளின் புதிய பதிப்பும். ஒரு பரிசோதனையில் பூக்களில் இருந்து முப்பதைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். கணினியின் குலுக்கல் உண்மையான குலுக்கல் இல்லை. தொடக்கத்தில் ஒரு எண்ணைக் கொடுப்போம், விதை எண் என்பார்கள். ஒரே விதை எண்ணைக் கொடுத்தால் எல்லாருக்கும் ஒரே முப்பது பூக்கள் வரும். மேனுவலில் அந்த முப்பது பூக்களும் அச்சாகியிருக்கும். ஆனால் பழைய குலுக்கலில் ஒரு சின்னக் கோணல் இருந்தது என்று புதிய பதிப்பில் மென்பொருள்காரர்கள் அதைத் திருத்தியிருந்தார்கள். விதை எண் அதேதான், வந்த பூக்கள் வேறு.

லேப் முழுக்க ஒரு கலவரம். ரெக்கார்டில் எழுதி வைத்த விடை திரையில் வரவில்லை. சில பேர் கணினியை அணைத்து அணைத்துப் போட்டார்கள். ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். துறைத் தலைவர் வந்து பார்த்தார். அவரும் மென்மையான மனிதர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். நான் காரணத்தை விளக்கினேன். இரண்டு விடையுமே சரி, சொல்லப் போனால் புதியதுதான் கூடுதல் சரி என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க மேடம். ஆனா மேனுவல்ல இருக்கறது வரணுமில்லீங்க.”

வேறு கல்லூரியில் இருந்து தேர்வு நடத்த எக்ஸ்டர்னல் வருவார், மேனுவலை வைத்துத்தான் மார்க் போடுவார், வராத விடைக்கு யார் பொறுப்பு என்று அவர் கவலைப்பட்டார். குலுக்கிப் போட்டாலும் இந்த முப்பதுதான் விழ வேண்டும் என்று ஒரு மனிதர் என்னிடம் இவ்வளவு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் பிராக்டிகல் நல்லபடியாக முடிந்தால்தான் அலமாரி திறக்கும். சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

வழி இருந்தது, அது எனக்குத் தெரிந்தும் இருந்தது. புதிய பதிப்பையே பழைய கோணலோடு குலுக்க வைக்க ஒரு வரிக் கட்டளை உண்டு. அதைப் போட்டால் மென்பொருளே, இது கோணலான முறை என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். அந்த வரியை எழுதிக் கொடுத்தேன். மேனுவலில் இருந்த பூக்கள் திரும்பி வந்தன, லேபில் கைதட்டினார்கள். சிவப்பு எழுத்தைப் பார்த்தால் எக்ஸ்டர்னல் ஏதாவது நினைப்பார் என்றார் துறைத் தலைவர். எச்சரிக்கையை மறைக்கவும் ஒரு கட்டளை இருக்கிறது. அதையும் எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் இரண்டு வரிகளையும் மனப்பாடம் செய்தார்கள். எல்லாரையும்விட வேகமாகச் செய்தவள் மூலனூர்ப் பக்கத்தில் இருந்து வரும் ஒரு பெண். அவளுடைய ரெக்கார்டு அவ்வளவு சுத்தமாக இருக்கும். மற்றவர்கள் அதைத்தான் பார்த்து எழுதுவார்கள்.

எக்ஸ்டர்னல் வந்தார். ஈரோட்டுப் பக்கத்துக் கல்லூரி. வரிசையாக எல்லாத் திரைகளையும் பார்த்துக்கொண்டே போனார். எல்லாத் திரையிலும் அதே முப்பது பூக்கள். மத்தியானச் சாப்பாட்டின்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டபோது, மறைத்த சிவப்பு எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. அவர்கள் கல்லூரியிலும் புதுக் கணினி வந்து இதே தொல்லையாம், அந்த வரியைக் கொஞ்சம் எழுதிக் கொடுக்க முடியுமா என்றார். அவர்களுடையதும் அதே மேனுவல். எழுதிக் கொடுத்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் தாளாளர் அவருக்கு ஒரு பவானி ஜமக்காளத்தைக் கொடுத்து வழியனுப்பினார். எல்லாரும் பாஸ்.

மறுநாளே பச்சைக் கவருக்காகத் தாளாளரிடம் போனேன். மறுபடியும் எழுந்து நின்றார், மறுபடியும் காபி. என்னைப் பற்றி எக்ஸ்டர்னல் அவ்வளவு உயர்வாகச் சொல்லிவிட்டுப் போனாராம். சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கெல்லாம் அந்த வரியைச் சொல்லிக் கொடுக்க நம் கல்லூரியிலேயே ஒரு பயிற்சி முகாம் நடத்தலாம், நீங்கள்தான் முன்னால் நின்று நடத்த வேண்டும் என்றார். நான் சான்றிதழை ஞாபகப்படுத்தினேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அப்போதும் சொன்னார். ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது, ஆசிரியர் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும், அதற்கு அசல் தேவைப்படும், அது முடியட்டும் என்றார். ஒரே ஒரு நாளைக்குக் கொடுங்கள், காட்டிவிட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

“நம்ம ஊட்டுப் புள்ளை நீங்க. உங்களுக்கு இல்லேன்னு சொல்லுவமுங்களா?” என்றார்.

சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் தள்ளிப்போனது. ஆபீசுக்குப் போனால் அலமாரிச் சாவி வைத்திருக்கும் ஆள் இருக்க மாட்டார், அவர் இருக்கும்போது தாளாளர் கையெழுத்து இருக்காது. என் கணவர் தானே போய்ப் பேசுகிறேன் என்று கிளம்பிப் போனார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் மழை இல்லாததைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒரு தேங்காய் மூட்டையோடு திரும்பி வந்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மூட்டையைத் தூக்கித் தெருவில் வீசியிருப்பேன், கனம்தான் தடுத்தது.

டாக்டர் நான் சேர வேண்டிய தேதியை இரண்டு முறை தள்ளி வைத்தார். பிறகு அவரே கூப்பிட்டார். அவர் குரலில் இருந்த வருத்தம் உண்மையானது. மேலிடத்தில் இனி காத்திருக்க முடியாது என்கிறார்கள், உங்களிடம் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், உங்கள் பெயரைச் சொல்லி வந்தாலே போதும் என்றார். நான் மூலனூர்ப் பெண்ணைச் சொன்னேன். அவள் படிப்பை முடித்துவிட்டிருந்தாள். அவளுடைய சான்றிதழ்கள் அவள் கையில் இருந்தன. அவளுக்கு வேலை கிடைத்த அன்று ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கே வந்து என் காலைத் தொட்டாள். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அவள் போன பிறகு வயிறு எரிந்தது, அதுவும் உண்மை.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலை, நான் அடுத்த பேட்ச் லேபுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தபோது ஸ்டாஃப் ரூமில் அவளுடைய போன் வந்தது. குரலில் ஒரே உற்சாகம்.

“மேடம், இங்க டேட்டா வந்து ஒரே குப்பையா இருந்துதுங்க. நீங்க சொல்லிக் குடுத்தாப்பலயே மொதல்ல காலி வரியெல்லாம் தூக்கிப்போட்டேன். இப்பப் பாருங்க, நம்ம லேப்ல இருக்கற மாதிரியே நீட்டா இருக்குதுங்க.”

டாக்டர் பார்த்தாரா என்று கேட்டேன். அவர் வெளியூர் போயிருக்கிறார், வருவதற்குள் முடித்துக் காட்டலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். எனக்கு அந்தத் திரை அப்படியே கண்ணுக்குள் வந்தது. மெசின் ரிப்பேர், பேரனோடு வந்தார், எல்லாம். மிச்சம் இருப்பதில் வெள்ளகோவில்காரர்கள் எத்தனை பேர் என்று பார்க்கச் சொன்னேன். எப்படியெல்லாம் எழுதியிருப்பார்களோ அப்படியெல்லாம் தேடிப் பார் என்றேன். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது.

“ஒருத்தரும் இல்லீங்க மேடம்.”

அவ்வளவு தூரம் ஒரு தடவை பஸ் ஏறி வந்தவர்கள். மறுபடி வர முடியாமல் போனவர்கள்.

“அவங்களத் திருப்பிக் கொண்டாந்து வெச்சிரு கண்ணு. மொதல்ல பாக்க வேண்டியதே அவங்களத்தான்.”

“அப்ப மேனுவல்ல முதல் படின்னு...”

“மேனுவல விட்டுரு” என்றேன். அவள் சரிங்க என்றாள். அவளுக்குப் புரிந்ததா, மரியாதைக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை. டாக்டர் வந்ததும் போய்க் கேள், அவர் சொல்லித் தருவார் என்றேன்.

மணி அடித்தது. லேபுக்குப் போனேன். அன்றைக்குக் காற்றுத் தரவு. இந்த பேட்ச்சுக்காவது முதல் படியைச் சொல்லக் கூடாது, அந்த நாட்களில் என்ன நடந்திருக்கும் என்று முதலில் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். போர்டில் தேதியை எழுதிவிட்டு அத்தோடு நிறுத்தித் திரும்பினேன். முன்வரிசையில் ரெக்கார்டு நோட்டுகள் திறந்திருந்தன. முதல் படியை எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, விடையையும் எழுதி முடித்திருந்தார்கள்.